டீச்சர் சாய்வு

பதினெட்டாவது பஸ்கிக்கு உட்கார்ந்த சுபைதா பேகம் எழுந்திருக்கவில்லை.

மேடை மேல் நின்ற ஆறுமுகத்தாய் டீச்சர் அதற்குள் பத்தொன்பது எண்ணிவிட்டாள். முன்வரிசையில் பதினோரு தலைகள் உயர்ந்தன. நடுவில் ஒரு இடம் மட்டும் பள்ளமாகவே கிடந்தது. விசில் ஊதினாள்.

"என்ன சுபைதா?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

கைகளைத் தரையில் ஊன்றி, இடது காலால் உந்தி எழுந்து நின்றாள். பாவாடையில் ஒட்டிய புழுதியைத் தட்டினாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. மேலுதட்டில் வியர்வையும் இருந்தது.

"ஒண்ணுமில்லன்னா ஏன் எந்திக்கல?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நேத்து அவ வீட்டுல பிரியாணி டீச்சர். வயிறு விட மாட்டேங்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆறுமுகத்தாய் சிரிக்கவில்லை. இன்றைக்குத் திங்கட்கிழமை. வியாழக்கிழமை உடற்கல்வி ஆய்வாளர் வருகிறார். முப்பது பஸ்கி என்று நிகழ்ச்சித் தாளில் தட்டச்சு செய்து திருநெல்வேலிக்கு அனுப்பியாகிவிட்டது. சுபைதாதான் டிரில் லீடர். நூற்றிருபது பெண்களும் முன்னால் நிற்கும் அவளைப் பார்த்துத்தான் செய்வார்கள். அவள் டீச்சரைப் பார்த்துச் செய்வாள்.

அந்த மகளிர் பள்ளியில் ஆறுமுகத்தாய் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. தகுதிகாண் பருவம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஆய்வாளர் 'திருப்தி' என்று எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் பனவடலிசத்திரத்தில் மழையை நம்பிக் கிடக்கும் நாலு ஏக்கர் மிளகாய்க் காடுதான்.

ஆய்வாளர் நல்லக்கண்ணுவைப் பற்றி உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். கடைசியில் கண்டிப்பாக ஒன்று சொல்வார். "இறங்குங்க. பிள்ளைகளோட சேர்ந்து நீங்களும் செய்யுங்க." ராயகிரிப் பக்கம் ஒரு டிரில் மாஸ்டர் பதினைந்தாவது பஸ்கியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட, அவருக்கு இன்னொரு வருடம் தகுதிகாண் பருவம் நீண்டுவிட்டது என்று பேச்சு.

ஆறுமுகத்தாய்க்குப் பதினைந்து கூட வராது. உண்மையைச் சொன்னால் ஒழுங்கான பஸ்கி ஒன்று கூட வராது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து வழக்கம் போல இடது காலை முதலில் ஊன்றி இறங்கி, பள்ளிக்கு வந்தாள். கேட்டில் சுபைதாவின் தகப்பனார் இப்ராஹீம் காத்துக்கொண்டிருந்தார். நாலு விசைத்தறி ஓட்டுகிறவர். சட்டைத் தோளில் பஞ்சுத் தூள் ஒட்டியிருந்தது.

"டீச்சரம்மா, கோவிச்சுக்கிடாதிய. பிள்ள ஒரு மாசமா தொழுகையில இருப்புல மடக்கி உக்கார முடியாம காலை நீட்டிக்கிட்டு இருக்கா. அவ உம்மா கேட்டா சும்மாதாங்கா. நேத்துப் பாத்தா வலது முட்டி வீங்கிக் கிடக்கு."

"எங்கயும் விழுந்தாளா?"

"விழல. டிரில்ல இருந்து எடுத்துருங்கன்னு சொல்ல வரல, அது வேற. எடுத்தா அவ சோறு திங்க மாட்டா. என்னன்னு நீங்க ஒரு பார்வை பாருங்க. நாங்க சொன்னா கேக்கவா செய்யுதா? டீச்சர், டீச்சர்னு உங்க பேச்சுதான்."

முதல் மணி அடிக்குமுன் சுபைதாவைத் தனியாக மைதானத்துக்கு அழைத்துப் போனாள்.

"ஒரு பஸ்கி போடு. மெதுவா."

சுபைதா உட்கார்ந்தாள். எதிரே நின்று பார்த்தபோது ஆறுமுகத்தாய்க்கு எதுவும் தவறாகத் தெரியவில்லை. தினமும் பார்க்கிற அதே அசைவு. சந்தேகம் தீராமல் பின்பக்கம் நகர்ந்து, "இன்னொண்ணு" என்றாள்.

இப்போது தெரிந்தது. இடுப்பு வலப்பக்கம் ஒதுங்கியது. உடம்பின் பாரம் முழுக்க வலது முட்டியில் இறங்கியது. இடது குதிகால் தரையைத் தொடவில்லை. அந்தக் கால் சும்மா கூட வந்தது, அவ்வளவுதான்.

"ஏன் இப்படிச் சாஞ்சு உக்காருத?"

"எப்படி டீச்சர்?"

"வலப்பக்கமா ஒதுங்குதியே."

சுபைதா விழித்தாள். பிறகு வெட்கத்தோடு சிரித்தாள். "நீங்க உக்காருதது இப்படித்தான டீச்சர். எல்லாருமே இப்படித்தான் உக்காருவோம். 'டீச்சர் சாய்வு'ன்னு பேரு. நேரா உக்காந்தா மொட்டையா இருக்கும் டீச்சர். எட்டாங்கிளாஸ்காரியளுக்கு நாந்தான் படிச்சுக் குடுத்தேன். அவளுகளுக்கு மொதல்ல வரவே இல்ல."

ஆறுமுகத்தாயின் கையிலிருந்த விசில் கயிறு விரலில் இறுகியது.

அவள் வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம் அது. உயரம் தாண்டுதல் சொல்லிக்கொடுத்தபோது மணல் குழியின் ஓரக்கல்லில் விழுந்தாள். வலது முட்டிக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. பள்ளியில் சுளுக்கு என்றாள். திருநெல்வேலியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், சவ்வு கிழிந்திருக்கிறது, உட்கார்ந்து எழுகிற வேலையே வேண்டாம் என்றார். உட்கார்ந்து எழுவதுதான் அவள் வேலை. படத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டாள். புடவைக்குள் முட்டியில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு, பாரத்தை இடது காலில் போட்டு, வலது காலைப் பாதி மடக்கி, முகத்தில் எதையும் காட்டாமல் பஸ்கி போடப் பழகிக்கொண்டாள். புடவை மறைத்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று இரண்டு வருடமாகப் பெருமை கூட உண்டு. பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுவதை மட்டும் விட்டுவிட்டாள். அங்கே பார்க்க ஆள் இல்லை, எதற்கு வலிக்க வேண்டும்?

மேடையில் நிற்கும் டிரில் டீச்சர் பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாதிரி. வலது கை என்று சொல்லிவிட்டுத் தன் இடது கையைத் தூக்க வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் முதல் வாரமே சொல்லித் தருவது இது. அவள் இடப்பக்கம் சாய்ந்தாள். எதிரே நின்ற நூற்றிருபது பெண்களும் வலப்பக்கம் சாய்ந்தார்கள். அவளுக்கு எந்த முட்டி போனதோ, அதே முட்டி சுபைதாவுக்கு வீங்கியிருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டணும். நீ வியாழக்கிழமை நிக்க வேண்டாம்."

சுபைதாவின் சிரிப்பு போய்விட்டது. "நான் நிக்கலன்னா பின்னால நிக்கவளுக யாரப் பாப்பாளுக? ஒரு நாள்தான டீச்சர். தாங்கிக்கிடுவேன். வலிய முகத்துல காட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய."

சொல்லியிருந்தாள். பலமுறை சொல்லியிருந்தாள்.

அன்று மாலை டிரில் வகுப்பில் ஆறுமுகத்தாய் முதல் தடவையாக மேடையை விட்டு இறங்கி, மைதானத்தின் ஓரமாகப் போய் நின்று எண்ணினாள். ஆடி மாசத்துக் காற்று புழுதியைக் கிளப்பியது. தபசுத் திருவிழாவுக்கு வாங்கிய புது வளையல்கள் நூற்றிருபது ஜோடிக் கைகளில் குலுங்கின. ஒன் என்றதும் அத்தனை இடுப்பும் ஒரே பக்கம் ஒதுங்கின, மேல்காற்றில் சாய்ந்த சோளக்கொல்லை மாதிரி. துல்லியமான ஒற்றுமை.

"சாயாம உக்காருங்க. ரெண்டு கால்லயும் பாரம் இருக்கணும்."

பெண்கள் குழம்பினார்கள். மேடையேறிச் செய்து காட்டினாள். அவள் உடம்பு சாய்ந்தது. பெண்களும் சாய்ந்தார்கள். வாய் ஒன்று சொன்னது, உடம்பு வேறொன்று சொன்னது. அவர்கள் உடம்பைத்தான் கேட்டார்கள். எல்லாரையும் திரும்பி நிற்கச் சொல்லி, தன்னைப் பார்க்காமல் செய்யச் சொன்னாள். மூன்று பஸ்கி தாறுமாறாக வந்தது. நாலாவதில் மறுபடி சாய்வு வந்து ஒட்டிக்கொண்டது.

எட்டாம் வகுப்பு முத்துத்தாய் கையைத் தூக்கினாள். வாய்த்துடுக்குக்காரி.

"டீச்சர், நேரான்னா எப்படி டீச்சர்? ஒருக்கா செஞ்சு காட்டுங்க."

தெருவில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆறுமுகத்தாய் விசிலை வாயில் வைத்தாள். ஊதவில்லை. நல்லவேளையாகப் பள்ளி மணி அடித்தது.

புதன்கிழமை தலைமை ஆசிரியை சங்கரம்மாளின் அறைக்குப் போனாள்.

"பஸ்கிய நிகழ்ச்சியில இருந்து எடுத்துருவோம் மேடம்."

சங்கரம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "தாளு போயாச்சு. இப்ப எடுத்தா ஏன்னு கேப்பாரு. என்ன சொல்லட்டும்?"

"பிள்ளைகளுக்கு முட்டிக்கு ஆகல."

"நூத்தியிருவது பிள்ளைகளுக்குமா?"

அடுத்த வாக்கியம் ஆறுமுகத்தாயின் நாக்கு நுனியில் நின்றது. என் முட்டிக்குத்தான் ஆகலை. அதைச் சொன்னால் மருத்துவச் சான்று கேட்பார்கள். டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும் படம் வெளியே வரும்.

"எல்லாம் ஒரே மாதிரி உக்காருதுகளா இல்லியா?" என்று சங்கரம்மாள் கேட்டார்.

"உக்காருதுக."

"பொறவு என்ன டீச்சர்? அந்த மனுசனுக்கு வேண்டியது ஒரே மாதிரி இருக்கணும். நாளைக்கு ஒரு நாள் ஓட்டிருங்க. வெள்ளிக்கிழமையில இருந்து என்ன வேணும்னாலும் மாத்துங்க, நான் கேக்கல. உங்களுக்கும் ஆர்டர் கைக்கு வந்துரும்."

ஒரு நாள். சுபைதாவும் அதைத்தான் சொன்னாள். ஆறுமுகத்தாய் தலையாட்டிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நல்லக்கண்ணு வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளை பேன்ட், வெள்ளை கேன்வாஸ் ஷூ. போட்டிருந்த நாற்காலியைப் பார்க்கக் கூட இல்லை. வரிசைகளுக்கு நடுவே புகுந்து நடந்தார். டம்பெல்ஸ் முடிந்தது, வளையம் முடிந்தது. அவர் நோட்டில் எழுதிக்கொண்டே போனார். ஆறுமுகத்தாயின் முதுகில் வியர்வை இறங்கியது. துணிப்பட்டையை அன்றைக்கு இரண்டு சுற்று அதிகமாக இறுக்கியிருந்தாள். அவர் இறங்கச் சொன்னால் பத்து வரை போகலாம். பத்துக்குப் பிறகு என்ன என்று அவள் யோசிக்கவில்லை.

அவர் மேடைக்கு அருகே வந்து நின்றார்.

"டீச்சர், எந்தப் பள்ளிக்கூடம் போனாலும் டீச்சரை இறங்கிச் செய்யச் சொல்லுவேன். கேள்விப்பட்டிருப்பிய."

"கேள்விப்பட்டிருக்கேன் சார்."

"இங்க வேண்டாம். பிள்ளைகளப் பாத்தா தெரியுதே. ஒரே அச்சு. பஸ்கிய மட்டும் பாத்துட்டு எழுதிக் குடுத்துட்டுப் போறேன். நீங்க மேல நின்னு எண்ணுங்க, போதும்."

தப்பித்துவிட்டாள். முப்பது எண்ண வேண்டும். இரண்டு நிமிடம்தான். பக்கத்தில் நின்ற சங்கரம்மாள் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார்.

"நேர் நில். பஸ்கி தொடங்கு. ஒன்."

நூற்றிருபது பேர் உட்கார்ந்தார்கள். சாய்ந்து, அழகாக, ஒரே நேரத்தில். நல்லக்கண்ணு பக்கவாட்டில் நடந்துகொண்டே தலையசைத்தார். அத்தனையும் ஒரே மாதிரி இருந்ததால் அவர் கண்ணுக்கும் எதுவும் உறுத்தவில்லை.

ஐந்து. ஆறு. முன்வரிசை நடுவில் சுபைதா சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது. பத்து. சிரிப்பு அப்படியே இருந்தது. நெற்றியில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது.

பதின்மூன்று. சுபைதா எழும்போது உடம்பு ஒரு முறை நடுங்கியது. அவள் டீச்சரைப் பார்த்தாள். இன்னும் சிரித்தாள். ஆறுமுகத்தாய்க்கு அந்தச் சிரிப்பு யாருடையது என்று தெரிந்தது. தினமும் காலையில் பஸ் ஏறும்போது, மேடைப் படி ஏறும்போது, தன் முகத்தில் தானே ஒட்டிவைக்கும் சிரிப்பு அது. அதையும் பிள்ளை படித்துக்கொண்டிருந்தாள்.

பதினைந்து. பாதி தாண்டியாயிற்று.

பதினாறு.

பதினேழுக்கு வாயைத் திறந்தவள், எண்ணைச் சொல்லாமல் விசிலை எடுத்து ஊதினாள்.

பெண்கள் நின்றார்கள். நல்லக்கண்ணு திரும்பினார். "என்ன டீச்சர், முப்பதுல்ல?"

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். இடது காலை முதலில் வைத்து, வலது காலை இழுத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக நொண்டிக்கொண்டே நடந்து, முன்வரிசைக்கு எதிரே, பெண்களுக்குப் பக்கவாட்டில் உடம்பு தெரியும்படி நின்றாள். பேச்சை ஆய்வாளரைப் பார்த்து ஆரம்பிக்கவில்லை.

"எல்லாரும் இங்கன பாருங்க. எனக்கு வலது முட்டி கெட்டுப் போயி ரெண்டு வருசமாச்சு. சுளுக்குன்னு சொன்னது பொய். அந்தக் கால் மடங்காது. அதனாலதான் சாஞ்சு உக்காருதேன். நீங்க டீச்சர் சாய்வுன்னு சொல்லுதிய. அது ஸ்டைல் இல்ல. நொண்டுதது. நான் நொண்டுததத்தான் நீங்க எல்லாரும் படிச்சிருக்கிய."

சங்கரம்மாள் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"இப்ப நேரா உக்காந்து காட்டுதேன். பாத்துக்கிடுங்க."

இரண்டு பாதத்தையும் சமமாக ஊன்றினாள். முட்டியை மடக்கினாள். ஒரு சாண் இறங்கினாள். அதற்கு மேல் கால் விடவில்லை. அங்கேயே நின்றாள். வலியில் முகம் கோணியது. அதை அவள் மறைக்கவில்லை.

"இவ்வளவுதான் எனக்கு வரும். உங்க கால் நல்ல கால். உங்களுக்கு எவ்வளவு வருதோ அவ்வளவு. பக்கத்துல நிக்கவள பாக்க வேண்டாம். என்னையும் பாக்க வேண்டாம். சுபைதா, நீ போயி மேடையில உக்காரு. காலை நீட்டி உக்காரு."

சுபைதா நகரவில்லை. "டீச்சர், சார் பாக்காக."

"பாக்கட்டும். போ மக்கா."

அவள் நொண்டிக்கொண்டு மேடைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்து காலை நீட்டிய பிறகுதான் அழுதாள்.

மிச்சம் பதினாலு பஸ்கியும் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருத்தி முழுக்க உட்கார்ந்தாள், ஒருத்தி பாதியில் நின்றாள், இரண்டு பேர் நிலை தவறிப் பின்னால் விழுந்தார்கள். எண்ணும் கால்களும் சேரவே இல்லை. ஆறுமுகத்தாய் வரிசை ஓரமாக நடந்துகொண்டே எண்ணினாள். இருபத்து நாலில் முத்துத்தாய் இரண்டு குதிகாலும் தரையில் பதிய நேராக உட்கார்ந்து எழுந்தாள். அடுத்ததில் இன்னும் ஏழெட்டுப் பேர்.

தலைமை ஆசிரியையின் அறையில் நல்லக்கண்ணு வெகுநேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறிக் கிடந்தது.

"ரெண்டு நிமிசம் பொறுத்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார்.

"ஆமா சார்."

"நான்தான் இறங்க வேண்டாம்னு சொல்லிட்டேனே. பொறவும் ஏன்?"

"அந்தப் பிள்ள சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவைத் திறந்தார். "பக்கத்துலதான் நடந்தேன். நூத்தியிருவது பேரும் சாயுதுக. எனக்குத் தெரியல. ஒரே மாதிரி இருந்தா அதுக்கு மேல பாக்கவே மாட்டேன் போல." எழுதினார். "மறைச்சது தப்பு. நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க சார்."

"மெடிக்கல் போர்டுக்கு வரச் சொல்லிக் கடுதாசி வரும். படத்தைக் கொண்டாங்க. அவங்க வேலைக்கு ஆகாதுன்னு சொன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"சரி சார்."

சங்கரம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நல்லக்கண்ணு கையைக் காட்டி நிறுத்தினார். "ஒண்ணு கேக்கேன். இதுகளச் சாயாம உக்கார வைக்க எத்தனை நாள் ஆகும்?"

ஆறுமுகத்தாய் யோசித்தாள். ஒரு மாதம் என்றால் அவருக்குப் பிடிக்கும். "மூணு மாசம் சார். அதுக்குக் கொறஞ்சு ஆகாது."

அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். பஸ்கியில் ஒழுங்கில்லை என்று எழுதியிருந்தது. தகுதிகாண் பருவம் மூன்று மாதம் நீட்டிப்பு, மருத்துவக் குழு முடிவுக்கு உட்பட்டு மறு ஆய்வு. அவள் கீழே கையெழுத்துப் போட்டாள். 'திருப்தி' என்ற வார்த்தை எங்கும் இல்லை.

கேட்டில் இப்ராஹீம் நின்றிருந்தார். விஷயம் தறிப்பட்டறை வரை போயிருந்தது. "டீச்சரம்மா, உங்களுக்கு ஒண்ணும் ஆயிராதே?" என்று கேட்டார்.

"தெரியல அண்ணாச்சி. பிள்ளைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. என்னால வந்தது. நான் செஞ்ச மாதிரி சுளுக்குன்னு விட்டுராதிய."

வெள்ளிக்கிழமை காலை மேடையில் சுபைதா உட்கார்ந்திருந்தாள். முட்டியில் கட்டு. நீட்டிய காலுக்கடியில் யாரோ புத்தகப் பை ஒன்றை வைத்திருந்தார்கள். எண்ணும் வேலை அவளுக்கு. ஆறுமுகத்தாய் கீழே, வரிசையின் ஓரத்தில் நின்றாள்.

"ஒன்" என்றாள் சுபைதா.

ஆறுமுகத்தாய் பெண்களோடு சேர்ந்து தன் ஒரு சாண் அளவுக்கு உட்கார்ந்தாள். மூன்றாவதில் பழக்கம் இழுத்தது.

பக்கத்து வரிசையிலிருந்து முத்துத்தாய் தலையைத் திருப்பாமல் சொன்னாள். "டீச்சர், சாயுதிய."

"தெரியும்ட்டி. நீ சாயாத."